குட்டி பெட்டாவைக் கம்யூனிட்டி தொட்டியில் வளர்ப்பது: முழுமையான வழிகாட்டி

பெட்டாவை (ஃபைட்டர், சண்டை மீன் என்றும் சொல்வார்கள்) மற்ற மீன்களோடு ஒரே தொட்டியில், அதாவது கம்யூனிட்டி தொட்டியில், விடலாமா என்று கேட்கிற எல்லோருக்கும் ஒரே கவலைதான்: இது மற்றதைக் கடித்துவிடுமோ? வளர்ந்த ஆண் பெட்டா என்றால் அந்தக் கவலை நியாயம். கையில் இருப்பது இரண்டு மாதக் குட்டி என்றால் கேள்வியையே திருப்பிப் போட வேண்டும். சாப்பாட்டுக்கு முண்டியடிக்கத் தெரியாத இந்தச் சின்னதை மற்ற மீன்கள் என்ன செய்யும்? பட்டினி போடும், துரத்தும், வாய் பெரிதாக இருந்தால் விழுங்கியும் விடும்.

இது முதல் ஒன்றிரண்டு மாதத்துப் பிரச்சினை. அப்புறம் குட்டி பருவத்துக்கு வரும்போதுதான் எல்லோரும் பயப்படுகிற அந்தக் கடிக்கும் குணம் தலைகாட்டும். ஆக, ஒரே மீனுக்கு இரண்டு திட்டம் வேண்டும். இன்றைக்குக் குட்டியைக் காப்பாற்ற ஒன்று, சில மாதம் கழித்து மற்றவற்றைக் காப்பாற்ற இன்னொன்று. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் போகின்றன.

படி 1: வயதை விடுங்கள், அளவைப் பாருங்கள்

பேபி பெட்டா என்று சின்ன டப்பாவில் விற்கப்படுபவை பெரும்பாலும் 1 முதல் 2.5 செ.மீ. வரை இருக்கும். வயது சொன்னால் நம்பி ஏமாற வேண்டாம். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளிலேயே நன்றாகச் சாப்பிட்டது மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். வால் நீங்கலாக உடம்பு 2.5 செ.மீ. தொடாத குட்டியைக் கம்யூனிட்டி தொட்டியில் திறந்து விடாதீர்கள். இது என் அளவுகோல். இன்னும் கறாராக 3 செ.மீ. வரை காத்திருப்பவர்களும் உண்டு, அதில் தவறே இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: வயிறு உள்ளே ஒட்டியிருக்கக் கூடாது, துடுப்புகள் விரிந்திருக்க வேண்டும், டப்பா அருகே விரலைக் கொண்டுபோனால் திரும்பிப் பார்க்க வேண்டும். அடியில் கிடந்து மூச்சுக்கு மட்டும் மேலே வந்து போகிற குட்டியைப் பரிதாபப்பட்டு வாங்கினால், பல மீன்கள் உள்ள தொட்டிக்கு அதைத் தயார் செய்வது தனி வேலை.

ஆணா பெண்ணா என்பது ஏறக்குறைய 3 மாதம் வரை உறுதியாகத் தெரியாது. டப்பாவில் பெண் என்று ஒட்டியிருந்தாலும் சரி. பெண்ணின் அடிவயிற்றில் தெரியும் வெள்ளைப் புள்ளியைச் சிலர் அடையாளமாகச் சொல்வார்கள், ஆனால் இளம் ஆண்களிலும் அது சில சமயம் தெரியும். நிறமும் மாறும், மார்பிள் எனப்படும் திட்டுத்திட்டான நிற வகை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் இது ஆணாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

இன்னொன்று: ஒரு தொட்டிக்கு ஒரு பெட்டாதான். கூடப் பிறந்த குட்டிகள் ஒன்றாகத் திரிவதைப் பார்த்து இரண்டாக வாங்கத் தோன்றும். வளர்ப்பாளர்கள் அவற்றை இரண்டு மூன்று மாதத்தில் தனித்தனிப் பாட்டில்களுக்கு மாற்றுவது சும்மா இல்லை.

படி 2: தொட்டி

குட்டி சின்னது என்பதற்காகத் தொட்டியும் சின்னதாக இருக்கக் கூடாது. மற்ற மீன்களும் சேர்ந்து இருக்கப் போவதால் 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் உள்ள தொட்டியை ஆரம்ப அளவாக வையுங்கள். விளிம்பு வரை கணக்குப் போட்டால் 65 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 50 லிட்டர் சொச்சம் தண்ணீர் நிற்கும். உயரத்தைவிட நீளம் முக்கியம். பெட்டா அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன்.

அந்தக் காற்று விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செவுளுக்கு மேலே பெட்டாவுக்கு லாபிரிந்த் என்ற உறுப்பு இருக்கிறது, அதை வைத்து நேரடியாகக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும். தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் தேங்கிய, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் அது பிழைப்பது இதனால்தான். பொரித்த குஞ்சில் இந்த உறுப்பு இருக்காது, சில வாரங்களில்தான் உருவாகும். நீங்கள் வாங்கும் குட்டியில் அது புதிதாக வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். ஆகவே தண்ணீருக்கு மேலே உள்ள காற்றும் வெதுவெதுப்பாக, ஈரமாக இருப்பது நல்லது. மூடி போட்டு, தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே 4 முதல் 5 செ.மீ. விடுங்கள். மூடி இருந்தால் வெளியே குதிப்பதும் தவிரும். பெட்டா நன்றாகவே குதிக்கும், குட்டி சின்ன ஓட்டையிலும் வெளியே போய்விடும். மேல்பரப்பில் எண்ணெய்ப் படலம் மாதிரி படிந்தால் ஒரு டிஷ்யூ பேப்பரை மெல்ல விரித்து எடுங்கள்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் (காற்று பம்பின் உதவியால் ஸ்பாஞ்ச் வழியே தண்ணீரை இழுப்பது) முதல் தேர்வு. ஓட்டம் மென்மை, குட்டியை உறிஞ்சாது, நல்ல பாக்டீரியாவுக்கும் இடம். தொங்கவிடும் ஃபில்டர் ஏற்கெனவே இருந்தால் உறிஞ்சும் குழாய்க்கு ஸ்பாஞ்ச் உறை போட்டு, தண்ணீர் விழும் இடத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்து வேகத்தைக் குறையுங்கள். ஒரு இடத்தில் அசையாமல் நிற்கக் குட்டி துடுப்பை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஓட்டம் அதிகம் என்று அர்த்தம்.

ஹீட்டரை 26 முதல் 27 டிகிரி செல்சியஸில் வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் குட்டியின் செரிமானம் மந்தமாகி வளர்ச்சி நின்றுபோகும். ஹீட்டரின் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் போட்டு விடுங்கள்.

செடிகளைத் தாராளமாக வையுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் அடியில் மறைவு தரும். அதைவிட முக்கியம் மேலே மிதப்பவை: வாட்டர் ஸ்பிரைட், சால்வினியா போன்றவை. குட்டி பெரும்பாலும் மேல்பகுதியில்தான் சுற்றும், ஒளிய வேண்டியதும் அங்கேதான். அலங்காரப் பொருளை வைக்கும் முன் ஒரு பழைய நைலான் துணியால் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் துடுப்பும் மாட்டும். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றிரண்டு போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கும். மருந்து என்று நினைக்காதீர்கள், ஆனால் பெட்டாவுக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கும்.

படி 3: தண்ணீரைப் பழக்குதல்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் தாங்கும். இந்த பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். ஏற்கெனவே ஓடும் ஆரோக்கியமான தொட்டியின் ஸ்பாஞ்சை எடுத்து வைத்தால் சீக்கிரம் முடியும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் என்று தொடர்ந்து காட்டினால் தொட்டி தயார். பிஎச் 6.5 முதல் 7.5 வரை இருந்தால் போதும். அதை மருந்து ஊற்றி ஏற்றி இறக்குவதைவிட நிலையாக விடுவது மேல்.

குழாய்த் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் போடுங்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் சில இடங்களில் கலக்கும் குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) அப்படிப் போகாது.

படி 4: யாரோடு வைக்கலாம்

இரண்டு சோதனையிலும் தேறுகிற மீன்தான் சரி. இன்றைய குட்டியை விழுங்காத அளவுக்கு வாய் சின்னதாக இருக்க வேண்டும். நாளைய பெட்டாவுக்குப் போட்டியாளராகத் தோன்றாத அளவுக்கு அடக்கமாகவும் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த கூட்டணி எம்பர் டெட்ராவும் பிக்மி கோரிடோராஸும். எம்பர் டெட்ரா 2 செ.மீ. தான் வளரும், நடுத் தண்ணீரில் தன் கூட்டத்தோடு திரியும். பிக்மி கோரி 2.5 செ.மீ. சுமாருக்கு, பெரும்பாலும் அடியிலும் நடுவிலும் இருக்கும். மேலே சொன்ன தொட்டியில் எட்டு டெட்ரா, ஆறு கோரி, ஒன்றிரண்டு நெரைட் நத்தை, ஒரு பெட்டா, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கூட்டமாக வாழும் மீனை இரண்டு மூன்றாக வாங்காதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் அவை பயந்து ஒளியும் அல்லது மற்றதைச் சீண்டும். ஹார்லிக்வின் ராஸ்போரா வளர்ந்த பெட்டாவுக்கு அருமையான துணை. குட்டிக்கு அது கொஞ்சம் முரடு, சாப்பாட்டை எல்லாம் பறித்துவிடும். கூலி லோச் அமைதியானது, இரவில்தான் வெளியே வரும்.

டைகர் பார்ப், செர்பே டெட்ரா, பிளாக் விடோ டெட்ரா மூன்றும் துடுப்பைக் கடிப்பவை, வேண்டவே வேண்டாம். ஏஞ்சல் மீன் பெட்டாக் குட்டியை விழுங்கிவிடும். கௌராமி பெட்டாவின் சொந்தக்காரன், அதனாலேயே சண்டை. கோல்ட்ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கழிவும் அதிகம். ஆண் கப்பியின் விசிறி வாலைப் பெட்டா இன்னொரு பெட்டாவாக எடுத்துக்கொள்ளும். இப்போது பிரச்சினை இல்லாவிட்டாலும் பின்னால் வரும். செர்ரி இறால் வைத்தால் அதன் குஞ்சுகள் தீனி என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

படி 5: தனியாக வளர்த்துத் தயார் செய்தல்

வாங்கி வந்த பையை 15, 20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். அப்புறம் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

விடுவது பெரிய தொட்டியில் இல்லை, 10 முதல் 20 லிட்டர் தனித் தொட்டியில். ஹீட்டரும், ஏற்கெனவே பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும், ஒரு கைப்பிடி மிதக்கும் செடியும் போதும். மணல் வேண்டாம், வெறும் கண்ணாடி அடி இருந்தால் மிச்சத் தீனி கண்ணுக்குத் தெரியும். குறைந்தது 3 வாரம் இங்கே இருக்கட்டும். நோய் இருந்தால் வெளிப்படும், குட்டியும் தடை இல்லாமல் சாப்பிட்டுப் பெரிதாகும்.

வளர்ச்சியின் ரகசியம் தீனியும் தண்ணீர் மாற்றுவதும்தான். இரண்டு நாளைக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீரை, அதே வெப்பத்தில் உள்ள தண்ணீரால் மாற்றுங்கள். அதிகம் சாப்பிடும் குட்டியின் தண்ணீர் சீக்கிரம் கெடும். கெட்ட தண்ணீரில் எவ்வளவு கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது.

படி 6: சாப்பாடு

பெட்டா புழுபூச்சி தின்னும் மீன். குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்டீமியா (உப்புத் தண்ணீரில் வாழும் மிகச் சின்ன இறால் வகை) குஞ்சு கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குட்டியைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டு, தோல் வழியாகவே தெரியும். அந்த நிறம் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது, சந்தேகமே வேண்டாம். இந்தச் சோதனை பெரிய தொட்டிக்குப் போன பிறகு ரொம்ப உதவும்.

மைக்ரோ வார்ம் (நூல் போன்ற நுண்புழு), டாப்னியா (மிகச் சின்னத் தண்ணீர்ப் பூச்சி), சின்னக் கொசுப்புழு எல்லாம் நல்லது. கொசுப்புழுவைச் சாக்கடையிலிருந்து எடுக்காதீர்கள், சுத்தமான தண்ணீரில் நீங்களே வளர விட்டதாக இருக்கட்டும். டியூபிஃபெக்ஸ் புழு அழுக்கில் வளர்வதால் நோயோடு வரும், குட்டிக்கு வேண்டாம். உறைய வைத்த பிளட் வார்ம் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, நறுக்கிப் போடலாம்.

உயிர்த் தீனி எப்போதும் கிடைக்காது, அதனால் பெல்லட்டும் (கடையில் விற்கும் உலர்ந்த உருண்டைத் தீனி) பழக்க வேண்டும். புரதம் 40 சதவீதத்துக்கு மேல் உள்ள பெட்டா பெல்லட்டை நசுக்கிப் போடுங்கள். முதலில் துப்பும். பசியோடு இருக்கிற காலை வேளையில் பெல்லட்டை முதலில் காட்டி, ஆர்டீமியாவை அப்புறம் கொடுத்தால் சில நாளில் எடுத்துக்கொள்ளும். மீந்ததை உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

இந்தக் காலத்திலேயே ஒரு பழக்கத்தை ஏற்படுத்தி விடுங்கள்: டிராப்பர் முனையிலிருந்து, எப்போதும் ஒரே மூலையில் தீனி. டிராப்பரைக் கண்டதும் குட்டி ஓடி வர வேண்டும். பெரிய தொட்டியில் டெட்ராக்கள் நடுவே அது வயிறு நிறைக்கப் போவது இந்தப் பழக்கத்தால்தான்.

படி 7: வலைப்பெட்டி வாரம்

குட்டி 2.5 செ.மீ. தாண்டி, டிராப்பருக்குப் பழகி, நோய் எதுவும் இல்லை என்றால் பெரிய தொட்டிக்குள் ஒரு பிரீடிங் நெட்டை (சின்ன வலைப்பெட்டி) தொங்க விட்டு அதில் விடுங்கள். அதற்குள் மற்ற மீன்கள் எல்லாம் வந்து குடியேறி, நோய் இருக்கிறதா என்று பார்க்கும் அவற்றின் தனிமைக் காலமும் முடிந்திருக்க வேண்டும். பெட்டாதான் கடைசி. முதலில் வந்தால் முழுத் தொட்டியும் தனது என்று எண்ணிக்கொள்ளும்.

வலைக்குள் ஐந்து முதல் ஏழு நாள். மற்ற மீன்கள் முதல் நாள் வந்து வலையை முட்டிப் பார்க்கும், அப்புறம் மறந்துவிடும். எந்த மீனாவது நாள் கணக்காக வலையைச் சுற்றியே காவல் காத்தால் அதைக் கவனியுங்கள், திறந்ததும் அதுதான் துரத்தும்.

படி 8: திறந்து விடும் நாள்

விடுமுறை நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அரை நாளாவது அருகில் இருக்க வேண்டும். தொட்டி விளக்கை அணைத்து, கல் கட்டைகளை இடம் மாற்றுங்கள். எல்லோருக்கும் இடம் புதிதாகிவிடும். மற்ற மீன்களுக்கு வயிறு நிறையக் கொடுங்கள். அப்புறம் வலையின் ஒரு பக்கத்தைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, குட்டி தானாக வெளியே போகும்படி விட்டுவிடுங்கள். வலையால் அள்ளிப் போட வேண்டாம்.

பழக்கப்படும் குட்டி முதலில் ஒரு இலைக்குக் கீழே போய் நிற்கும். மார்புத் துடுப்பு மட்டும் படபடவென்று அடிக்கும், கண் ஒவ்வொரு மீனையும் தொடரும். கொஞ்ச நேரத்தில் ஒரு விரற்கடை முன்னே வரும், திரும்ப இலைக்கே போகும். இது சரியான நடத்தை. துடுப்புகள் உடம்போடு ஒட்டி, பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை கருங்கோடுகள் தெரிந்தால் பயந்திருக்கிறது. இளம் பெட்டாவில் அந்தக் கோடு எளிதாக வரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. மறுநாளும் அப்படியே, மூலையை விட்டு அசையவில்லை, டிராப்பருக்கு வரவில்லை என்றால் திரும்ப வலைக்குள் போட்டு ஒரு வாரம் கழித்து முயலுங்கள்.

தீனி போடும்போது இரட்டை வேலை: தொட்டியின் ஒரு கோடியில் டெட்ராக்களுக்குத் தூவி அவற்றை அங்கே இழுத்துவிட்டு, மறு கோடியில் டிராப்பரால் குட்டிக்கு. கோரிகளுக்கு விளக்கு அணைத்த பிறகு அடியில் மூழ்கும் தீனி. முதல் இரண்டு வாரம் தினமும் வயிற்றைப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் நீந்திக்கொண்டே மெலிந்துபோவதுதான் கம்யூனிட்டி தொட்டியில் குட்டிக்கு வரும் பெரிய ஆபத்து.

படி 9: பருவம் வரும்போது

ஏறக்குறைய 3 முதல் 5 மாதத்துக்குள் மாற்றம் தெரியும். ஆண் என்றால் துடுப்பு நீளும், செவுள் மூடிக்குக் கீழே இருக்கும் சவ்வைத் தாடி மாதிரி விரித்துக் காட்டும், மேல்பரப்பில் நுரைக்கூடு கட்டும். பெண்ணும் செவுளை விரிக்கும், சில பெண்கள் ஆணைவிடக் கோபக்காரிகள்.

செவுளை விரிப்பதே தாக்குதல் இல்லை. ஒரு மீன் பக்கத்தில் வந்ததும் விரித்துவிட்டு அது நகர்ந்ததும் விட்டுவிட்டால் சும்மா எச்சரிக்கை. ஒரே மீனைத் தொட்டி முழுக்கத் துரத்துவது, சாப்பாட்டை விட்டுவிட்டுத் துரத்துவது, மற்ற மீன்களின் வால் கிழிந்திருப்பது, டெட்ராக் கூட்டம் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். இதெல்லாம் பழகிவிடும் என்று காத்திருந்தால் ஒரு மீனாவது சாகும்.

அறை இருட்டாக இருந்து தொட்டி விளக்கு மட்டும் எரிந்தால் கண்ணாடியில் தன் உருவமே தெரியும், பெட்டா அதோடும் சண்டை போட்டு ஓய்ந்துபோகும். அறை விளக்கையும் போட்டாலே இது நிற்கும்.

வாரப் பராமரிப்பும் நோயும்

பெரிய தொட்டியில் வாரம் ஒரு முறை 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும், குட்டி வளரும் வரை இரண்டு முறை. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

இளம் பெட்டாவுக்கு வரும் நோய்களில் வெல்வெட்தான் கண்ணில் படாமல் கொல்வது. இருட்டில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், உடம்பில் தங்கத் தூள் தூவினாற்போல் மின்னினால் அதுதான். உப்புக்கல் மாதிரி தனித்தனி வெள்ளைப் புள்ளி என்றால் இக். இரண்டு ஒட்டுண்ணியுமே தண்ணீரில் பரவும், ஆகவே ஒரு மீனைத் தனியே எடுத்து மருந்து போட்டால் தீராது, தொட்டிக்கே வைத்தியம் வேண்டும். மருந்தில் செம்பு இருந்தால் நத்தையும் இறாலும் தாங்காது, முதலில் அவற்றை வெளியே எடுங்கள். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள். மறைந்த ஒட்டுண்ணி அடியில் பெருகிக்கொண்டிருக்கும், மருந்துப் பெட்டியில் போட்டிருக்கும் நாள் வரை தொடருங்கள்.

ஒத்துவராவிட்டால்

சில பெட்டாக்களுக்குக் கூட்டம் ஆகவே ஆகாது. எவ்வளவு முறையாகச் செய்தாலும் சரி, அதன் குணம் அது. அதனால் குட்டியை வளர்த்த தனித் தொட்டியை விற்றுவிடாதீர்கள், யாருக்கும் கொடுத்தும் விடாதீர்கள். அதன் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெரிய தொட்டியின் ஒரு மூலையில் ஓட விட்டு வையுங்கள், பாக்டீரியா உயிரோடு இருக்கும். பிரிக்க வேண்டிய நாளில் தனித் தொட்டியை நிரப்பி, ஆன்டி குளோரின் போட்டு, வெப்பம் சமமானதும் ஸ்பாஞ்சையும் பெட்டாவையும் சேர்த்து மாற்றினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. 20 லிட்டர் தொட்டி ஒற்றைப் பெட்டாவுக்கு அதன் ஆயுள் முழுக்கப் போதும்.